சோதனையில் கண்ட ஆபத்தை மேலாளர் ஒதுக்கினால்

வணக்கம். சோதனையில் உங்கள் நிறுவனத்தின் ஏஐ மாடல் தந்த ஆபத்தான பதில்களைக் காட்டியும் மேலாளர் "வெளியிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார், நிறுவன விஷயங்களை வெளியே சொல்லமாட்டேன் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். மாடல் எங்கே தடம் புரள்கிறது என்பது அதோடு தினமும் மல்லுக்கட்டும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் பெரும்பாலும் நிறுவனம் காட்டுவதைத்தான் பார்ப்பார்.

முதலில் எழுத்தில் கொடுங்கள். தேதி, மாடலின் பதிப்பு, கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். "கவலையாக இருக்கிறது" என்றால் தள்ளிவிடுவார்கள். "பத்தில் ஏழு முறை பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டியது" என்றால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நான் ஒருமுறை வாயால் மட்டும் சொல்லிவிட்டு, பிறகு "யாருமே சொல்லவில்லையே" என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்க நேர்ந்தது. இன்னும் உறுத்துகிறது.

பதில் வராவிட்டால் பாதுகாப்புக் குழு, அப்புறம் சட்டப் பிரிவு. நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள், பிரச்சினை உங்கள் பக்கமே திரும்பும்.

ஒப்பந்தத்தை நினைத்து ஒடுங்க வேண்டாம். 2024 ஜூனில் ஓப்பன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட் ஆகிய ஏஐ நிறுவனங்களின் ஊழியர்களும் முன்னாள் ஊழியர்களும் எச்சரிக்கும் உரிமை கேட்டுப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். கலிபோர்னியாவில் 2025 செப்டம்பரில் கையெழுத்தான எஸ்பி 53 சட்டம், பெரிய ஏஐ நிறுவனங்களில் பேராபத்துகளைக் கையாளும் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லாமல் புகார் தர உள்வழியும் வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், அதனால் வெளியே பேசும் முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

மின்னஞ்சலுக்கு என்ன பதில் வந்தது என்று இங்கே சொல்லுங்கள்.