செயலாளர் வீடே சங்க ஆபீஸ் ஆகிவிட்டால்?

கேள்வி: குன்னூரில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் நான். இது நாலாவது வருடம். தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. எங்கள் பகுதி சரிவில் மூன்று வரிசையாக இருக்கிறது, அறுபது வீடுகள். தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், படிக்கட்டில் காட்டெருமை நின்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. மாதக் கூட்டமும் எங்கள் வீட்டில்தான். மகள் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். "நம்ம வீட்டுப் புகாரை எந்த குரூப்பில் போடணும்?" என்று மனைவி கேட்கிறார். விட்டுவிடலாம் என்றால் எடுத்துச் செய்ய ஆளில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் காலை நாலு மணிக்கு எழுந்தால், அந்த நேரத்தையும் சங்கம்தான் எடுத்துக்கொள்ளும்.

கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது 'நாலாவது வருடம்'. உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்களை மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆனால் அது பொதுக்குழுவில் முறையாக நடந்து, மினிட் புத்தகத்தில் ஏறி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலும் ஆகியிருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதற்குப் படிவம் 7. பல சங்கங்களில் "நீங்களே பாத்துக்குங்க சார்" என்ற ஒரு வார்த்தையோடு தேர்தல் முடிந்துவிடுகிறது. உங்கள் சங்கத்திலும் அப்படித்தான் என்றால் அதை உடனே சரிசெய்ய வேண்டும். அதில் உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. "சட்டப்படி தேர்தல் வைத்தாக வேண்டும்" என்று நீங்கள் சொன்னால், சலித்துப் போய் ஓடுகிறார் என்று யாரும் பேச முடியாது.

அடுத்து, பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து செயலாளரின் கடமைகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். கூட்ட அறிவிப்பு, மினிட், கடிதப் போக்குவரத்து, பதிவேடுகள், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வது என்று ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு வால்வு திறப்பவரைத் தேடிப் பிடிப்பது அதில் இருக்காது. அது நீங்கள் நல்ல மனசோடு ஒருமுறை செய்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. உங்களை அமுக்குவது பதவியை விட இந்த மாதிரி வேலைகள்தான், இவற்றைப் பதவிக்காலம் முடியும் முன்பே இறக்கி வைக்கலாம்.

தண்ணீரில் தொடங்குங்கள். கோடையில் குன்னூரில் வரும் போன்களில் பாதி "இன்னிக்குத் தண்ணி உண்டா?" என்பதாகத்தான் இருக்கும். மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து வரும் லைன் என்றால் பெரும்பாலும் கீழ் வரிசைக்குத்தான் முதலில் தண்ணீர் கிடைக்கும். அங்கே வீட்டிலேயே இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். குழாயில் காற்று சீறி ஓய்ந்து தண்ணீர் விழ ஆரம்பித்ததும் குரூப்பில் 'வந்தாச்சு' என்று அவர் போடட்டும். அறுபது வீட்டுக்கும் பதில் கிடைத்துவிடும். நகராட்சி தண்ணீர்ப் பிரிவு எண், மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் எண், அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வரிசைக்கு ஒரு போர்டு மாட்டுங்கள். உங்கள் எண்ணை அதில் போடாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் கதை வேறு. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மாவட்டத்தில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இரவு யாராவது ஒருவர் போனை எடுத்துத்தான் ஆக வேண்டும். வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறையும் அதில் வரட்டும், மற்ற வாரங்களில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கூட்டத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள். இதை அடுத்த மாதமே செய்துவிடலாம். ஏழெட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்தால் டீயும் வர்க்கியும் உங்கள் மனைவி தலையில், மகள் புத்தகத்தோடு சமையலறையில். கோயில் மண்டபமோ நூலகமோ கேட்டுப் பாருங்கள். குளிருகிற இடத்தில் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது கூடுதல் லாபம். சங்கத்தின் பீரோ, ரசீது புத்தகம், சீல் எல்லாம் கூடவே போகட்டும். செக்கில் உங்கள் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்ற நிலை இருந்தால், மூவரில் யாராவது இருவர் கையெழுத்துப் போடலாம் என்று தீர்மானம் போட்டு வங்கியில் மாற்றுங்கள்.

ஆளில்லை என்கிறீர்கள். பொதுக்குழுவில் "அடுத்த செயலாளராக யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் நாலு வருடம் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்! தனியாக வீட்டுக்குப் போய்ச் சின்ன வேலையைக் கேளுங்கள், முடியும் தேதியையும் சொல்லுங்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ வங்கியிலோ ஓய்வு பெற்ற ஒருவர் உங்கள் பகுதியில் இல்லாமலா இருப்பார்? "மார்ச் 31 வரைக்கும் கணக்கை மட்டும் பாருங்க சார்" என்றால் மறுக்க மாட்டார். பெண்களிடமும் கேளுங்கள். தண்ணீர் வரும் நாள் அவர்களுக்குத் தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் நிர்வாகிகள் பட்டியலில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.

எப்போது ஒப்படைப்பது? ஏப்ரல், மே வேண்டாம். அது சுற்றுலா சீசன், தண்ணீர்த் தட்டுப்பாட்டு நேரமும் கூட. கணக்கு மார்ச்சில் முடிந்து, தணிக்கை ஆனதும் ஜூலையில் பொதுக்குழு வையுங்கள். புதியவருக்கு மழை தொடங்குமுன் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். அந்த மாதங்களில் நகராட்சிக்குப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மனுவில் அவர் கையெழுத்துப் போடட்டும், ரசீதை அவர் பைலில் வைக்கட்டும். மகளுக்கு அரையாண்டுத் தேர்வு வரும்போது உங்கள் கை காலியாக இருக்கும். நடுவில் ராஜினாமா கடிதம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கடிதம் பீரோவில் தூங்கும், போன் உங்களுக்கே வரும்.

யாருமே வராவிட்டால் பதவியைச் செயலாளர், இணைச் செயலாளர் என்று இரண்டாகப் பிரிக்கப் பாருங்கள். பைலாவில் இடமில்லை என்றால் திருத்த வேண்டியிருக்கும். அதுவும் முடியாவிட்டால் சில வேலைகளைக் கைவிடலாம். ஆண்டு விழா ஒரு வருடம் நடக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

ஒப்படைத்த அன்று பொன்னாடை போர்த்தி, கௌரவ ஆலோசகர் என்று ஏதாவது பதவி தருவார்கள். பொன்னாடையை வாங்கிக்கொள்ளுங்கள். பதவியை ஒரு வருடத்துக்காவது வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதியவர் பாட்டுக்கு இருக்க, பழைய எண்ணுக்கே எல்லோரும் அடிப்பார்கள்.