சென்னையில் வேலை, தென்காசிப் பக்கம் வீடு: எந்த சிம் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார், அப்பா அம்மா தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் நாலில் மூன்று பேருக்கும் சேர்த்து எது நல்லது, எதில் செலவு குறையும் என்பது கேள்வி. நான் அதே மாவட்டத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். நாலு சிம்மும் விற்கிறேன், அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

முதலில், மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடு பட்ட பாடு நிறையப் பேருக்கு மறந்திருக்காது, வீட்டில் எல்லா நம்பரும் ஏர்செல் என்று இருந்தவர்களுக்கு வேறு கம்பெனிக்கு மாற அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ்ஸுக்கே டவர் கிடைக்கவில்லை. அப்பா போனில் ஒன்று, அம்மா போனில் வேறொன்று என்று இருந்தால் ஒரு டவர் படுத்தாலும் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம்.

அப்புறம் சிக்னல். தமிழ்நாட்டிலேயே எது பெஸ்ட் என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது, உங்கள் தெருவில் எது பெஸ்ட் என்றுதான் கேட்க வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான கீழ் அலைவரிசை தூரமாகப் போகும், சுவரையும் ஓரளவு தாண்டி உள்ளே வரும். 2300, 3500 எல்லாம் டேட்டாவை அள்ளிக் கொடுக்கும், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ஏர்டெல்லின் 5ஜி பெரும்பாலும் 3500இல் ஓடுகிறது, ஜியோ அதோடு 700ஐயும் நாடு முழுக்க வாங்கி வைத்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் டவரே இல்லையென்றால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. டெலிகாம் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிராய் 2024இல் கொண்டுவந்த விதிப்படி கம்பெனிகள் எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்று தங்கள் வெப்சைட்டில் மேப் போட வேண்டும், உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். மேப்பில் கலர் இருந்தால் தெருவில் சிக்னல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம், கான்கிரீட் வீட்டு நடு அறைக்கு அது உத்தரவாதம் இல்லை.

அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர்களிடமோ வேறு வேறு சிம் உள்ள போன்களை வாங்கி, அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில், கதவைச் சாத்திவிட்டு ஒரு கால் போட்டுப் பாருங்கள். ராத்திரி எட்டரை ஒன்பது மணிக்குப் பாருங்கள், அப்போதுதான் ஊரே போனும் கையுமாக இருக்கும். சிக்னல் கோடு எத்தனை காட்டுகிறது என்பதை விட, பேசும்போது குரல் விட்டுவிட்டு வருகிறதா என்பதுதான் முக்கியம்.

அப்பாவிடம் பழைய 2ஜி பட்டன் போன் இருந்தால் ஜியோ சிம் அதில் எடுக்காது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். ஏர்டெல், வி இரண்டிலும் 2ஜி இன்னும் இருக்கிறது. பிஎஸ்என்எல் 4ஜி 2025 செப்டம்பரில்தான் நாடு முழுக்க முறையாகத் தொடங்கப்பட்டது, அதில் 700 அலைவரிசையும் உண்டு. போனில் அந்த பேண்ட் (அலைவரிசை) இல்லையென்றால் அந்த சிக்னல் பிடிக்காது, போன் மாடலைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

இனி பணம். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் விலையை ஏற்றின, ஜியோவில் 239 இருந்தது 299 ஆனது, ஏர்டெல்லிலும் வியிலும் 179 இருந்தது 199 ஆனது. அப்போது பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. விலையை மட்டும் பார்க்காமல் வேலிடிட்டியையும் சேர்த்துப் பாருங்கள். 28 நாள் பேக் போட்டால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை போட வேண்டும், 299 பேக்கில் அந்த ஒரு தடவைக்கே கூடுதலாக 299 போய்விடுகிறது.

கடைக்கு வரும் பெரியவர்கள் பட்டன் போனை நீட்டி, "நெட்டெல்லாம் வேணாம் தம்பி, பேசுறதுக்கு மட்டும் போடு" என்பார்கள். தனியார் சிம்மில் பேசுவதற்கு மட்டும் என்று உருப்படியாக எதுவும் இல்லாததால், அவர்கள் தொடவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது, எனக்கே மனசு கேட்காது. டிராய் உத்தரவுக்குப் பிறகு 2025 தொடக்கத்தில்தான் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகள் வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448, ஏர்டெல்லில் 469 என்று வந்தன. நீண்ட நாள் பேக் அப்போது ஜியோவில் 1748, ஏர்டெல்லில் 1849. பார்த்தவுடன் ஜியோதான் மலிவு என்று தோன்றும், ஆனால் 1748க்கு 336 நாள், 1849க்கு முழுசாக 365 நாள், அதாவது ஒரு நாளைக்கு ஜியோவில் சுமார் 5 ரூபாய் 20 காசு, ஏர்டெல்லில் 5 ரூபாய் 7 காசு. விலை அடிக்கடி மாறும், போடும் அன்று நாளால் வகுத்துப் பாருங்கள். கம்பெனி ஆப்பைத் திறந்தால் கண்ணில் படுவதெல்லாம் டேட்டா பேக்தான், பேசுவதற்கு மட்டும் உள்ள பேக்கைக் கீழே தேடி எடுக்க வேண்டும், கடையிலும் நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு சென்னையில் ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஓடும், 5ஜியும் உண்டு. ஜியோவில் அன்லிமிடெட் 5ஜி வேண்டுமென்றால் 2024 ஏற்றத்துக்குப் பிறகு தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பேக் போட வேண்டும். ஆபீஸிலும் ரூமிலும் வைஃபை இருந்தால் அதற்குத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. போஸ்ட்பெய்ட் எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், 449 என்று போட்டிருந்தால் பில் 530 கிட்ட வரும்.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுவதாக முடிவு செய்தால், அந்தந்த போனிலிருந்தே ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க நம்பரையும் அடித்து 1900க்கு அனுப்புங்கள். பதிலுக்கு வரும் கோடைப் புதுக் கம்பெனியில் கொடுக்க வேண்டும், அது தமிழ்நாட்டில் நாலு நாள்தான் செல்லும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். மாறும் நேரத்தில் சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும், அதனால் அப்பாவுக்கு பென்ஷன் வருகிற நாளிலோ, பேங்க் ஓடிபி தேவைப்படும் நாளிலோ வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேர் நம்பரையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம்.