வாசகர் கேள்வி-பதில்: டவுனின் முதுகுப்பக்கம் ஓடும் ஆறு

இந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஓர் எஸ்டேட் டவுனிலிருந்து ஐந்து கடிதங்கள், ஐந்தும் ஒரே விஷயமாக. கடை வரிசைக்குப் பின்னால் ஓடும் ஆற்றோரத்தில் நடைபாதையும் பூங்காவும் போடலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். சுற்றிலும் செம்பனை, நடுவே இரண்டு வரிசைக் கடைவீடு, பின்னால் ஆறு என்று இருக்கும் எந்த டவுனுக்கும் இவை பொருந்தும் என்பதால் ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஆறு கரைக்குக் கரை 18 மீட்டர் இருக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் வரைக்கும் செம்பனை, இந்தப் பக்கம் கடைகளின் பின்சுவர். நடைபாதைக்கு இடம் ஏது? அந்த நிலம் யாருடையது?
– ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி

ஆற்றின் இரு பக்கமும் எவ்வளவு நிலம் விட வேண்டும் என்பதற்கு ஜே.பி.எஸ். என்று நாம் சொல்லும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி அளவு உண்டு. ஆற்றின் அகலம் 40 மீட்டருக்கு மேல் என்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 20 முதல் 40 வரை என்றால் 40. 10 முதல் 20 வரை என்றால் 20. 5 முதல் 10 வரை என்றால் 10. அதற்கும் குறுகிய ஓடைக்கு 5. அந்தக் கணக்கில் உங்கள் ஆற்றுக்கு இரு பக்கமும் 20 மீட்டர் 'ரிசாப் சுங்கை', அதாவது ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலம், இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி மாநில அரசு கெஜட்டில் அறிவித்திருந்தால்தான் ரிசாப் உறுதி. அறிவிக்காத இடங்களில் பக்கத்து லாட்டின் எல்லை தண்ணீர் வரைக்கும் போயிருக்கும். ஆகவே முதலில் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், ஆற்றை ஒட்டிய லாட்டுகளின் நில அளவை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நடந்து பாருங்கள். பல வருஷங்களுக்கு முன் அளந்த வரைபடமாக இருந்தால், அதில் நிலமாகக் காட்டிய இடத்தில் இன்று தண்ணீர் ஓடலாம். வளைவின் வெளிப்பக்கத்தை ஆறு ஓயாமல் அரிக்கும், உட்பக்கத்தில் மணலைக் கொண்டுவந்து போடும். லாட்டு தண்ணீர் வரைக்கும் போனால், அந்த நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற விண்ணப்பம் வரும்போதுதான் ஆற்றோரத் துண்டைத் திருப்பிக் கேட்க நல்ல வாய்ப்பு. அந்த நேரத்தை ஊர்க்காரர்கள் தவற விடக் கூடாது.

20 மீட்டர் கிடைத்தால் அதை முழுக்கப் பூங்காவாக நினைக்காதீர்கள். கரை விளிம்பிலிருந்து 5 மீட்டராவது செடி கொடிக்கு விட்டு, அதற்கு அப்பால் பாதை போடுவதே எங்கள் யோசனை. விளிம்பிலேயே போட்ட பாதையைத்தான் ஆறு முதலில் கொண்டுபோகும்.

நவம்பர் மழையில் ஆறு பொங்கி எங்கள் கடைப் பின்கட்டுக்குள் வந்துவிடுகிறது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் நடைபாதை போட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியாதா? கரை சரிவதற்கு என்ன செய்வது?
– மளிகைக் கடைக்காரர்

முடியாது. சுவர் எழுப்பினால் ஆறு ஒடுங்கும். ஒடுங்கினால் அதே தண்ணீர் உயர்ந்தும் வேகமாகவும் ஓடும். உங்கள் கடை தப்பித்தாலும் கீழே இருக்கும் கம்போங் மூழ்கும். சுவருக்குப் பின்னால் விழும் மழை ஆற்றுக்குப் போக வழி இல்லாமல் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) வழியாகவே திரும்பிக் கடைக்குள் வரும். ஆற்றுக்கு இடம் கொடுத்தால்தான் வெள்ளம் அடங்கும்.

சிங்கப்பூரில் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் செய்ததைப் பாருங்கள். நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். மழை இல்லாத நாளில் புல்வெளியில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். மழை கொட்டினால் அதே புல்வெளிதான் ஆறு. சிறிய டவுனுக்கும் அந்த வழி பொருந்தும்: கீழ்ப்பாதை ஒன்று, மேல்பாதை ஒன்று. கீழ்ப்பாதை வருஷத்தில் சில நாள் மூழ்கட்டும். மேல்பாதையும் விளக்கு, மின்பெட்டி, கழிப்பறை எல்லாமும் ஜே.பி.எஸ். சொல்லும் 100 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். '100 ஆண்டு வெள்ளம்' என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று அர்த்தமில்லை. எந்த வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 வருஷக் கணக்கில் பார்த்தால் அது ஒரு தடவையாவது வர நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு.

கீழ்ப்பாதையில் தண்ணீர் ஓரமாகக் கம்பித் தடுப்பு வைக்காதீர்கள். தோட்டப்புற ஆற்றில் வெள்ளத்தோடு செம்பனை மட்டை, வாழைத்தண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் வரும். முதல் மட்டை கம்பியில் குறுக்கே சிக்கும், அதன்மேல் அடுத்தது, இடைவெளியில் பை வந்து ஒட்டும். கொஞ்ச நேரத்தில் கம்பி ஓர் அணையாகிவிடும். அப்புறம் தண்ணீர் தள்ளுகிற தள்ளில் தூண் அடிக் கான்கிரீட்டோடு பெயர்ந்து போகும். தடுப்புக்குப் பதிலாக விளிம்பில் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத செடித்திட்டு ஒன்று இருந்தால் தவறி விழுந்தவர் எழுந்து நிற்க முடியும். கம்பி மேல்பாதைக்குத்தான்: 1.1 மீட்டர் உயரம், செங்குத்துக் கம்பி, குழந்தையின் தலை நுழையாதபடி 10 சென்டிமீட்டருக்குள் இடைவெளி.

கரை சரிவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் வெள்ளம் நிற்கும்போது கரை விழாது, வடியும்போதுதான் விழும். மண் தண்ணீரை உறிஞ்சிக் கனத்திருக்கும். இதுவரை அதைத் தாங்கிப் பிடித்த ஆற்று நீர் சட்டென்று இறங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. கரைக்கு இணையாக, விளிம்பிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு தெரிந்தால் அந்த இடத்தில் ஆளை விடாதீர்கள். அடுத்த மழைக்கு அந்தத் துண்டு இறங்கும்.

மருந்து அடியிலிருந்து தொடங்க வேண்டும். கரையின் காலடியில் வடிதுணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி) விரித்து, அதன்மேல் பாறைக்கல் அடுக்குங்கள். செலவை மிச்சம் பிடிக்கத் துணியை விட்டுவிட்டால் கல்லின் இடுக்கு வழியாக மண் உருவிக்கொண்டு போய், கல் ஒவ்வொன்றாக உள்வாங்கும். அதற்கு மேல் கரையை, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் கிடையாக, சாய்வாக வெட்டி வெட்டிவேர் நடுங்கள். உலகம் முழுக்க எஞ்சினியர்கள் இதை 'வெட்டிவர்' என்று நம் சொல்லால்தான் அழைக்கிறார்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கு வரிசையாக, ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஒரு வரிசை. வேர் 2, 3 மீட்டர் நேர்கீழாக இறங்கி மண்ணைத் தைத்துவிடும். தென்னிந்திய வகை விதையால் பரவாது என்பதால் பக்கத்து நிலத்துக்குத் தொல்லை இல்லை. ஆனால் வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. அழகுக்காக அதே சரிவில் பெரிய மரத்தையும் நட்டால், மரம் குடை விரிக்கும்போது கீழே வெட்டிவேர் செத்துப்போகும். மரத்தை மேலே, பாதையின் அந்தப் பக்கம் வையுங்கள். தூங்குமூஞ்சி மரம் நல்ல நிழல்தான். ஆனால் அதன் வேர் கல்பாதையைத் தூக்கிவிடும், ஆகவே தள்ளியே இருக்கட்டும்.

ஆற்றோரம் எங்கள் அம்மன் கோயில். பால்குடம், கரகம் எல்லாம் ஆற்றிலிருந்துதான் புறப்படும். பூங்கா வந்தால் படித்துறை ஒன்று கேட்கலாம் என்று இருக்கிறோம். எப்படிக் கேட்பது?
– கோயில் நிர்வாகச் செயலாளர்

தாராளமாகக் கேளுங்கள், அதுவும் வரைபடம் முடிவாவதற்கு முன்பே கேளுங்கள். 'படித்துறை வேண்டும்' என்று மட்டும் எழுதாமல் அளவோடு எழுதினால் காரியம் நடக்கும்.

இடம் முக்கியம். வளைவின் வெளிப்பக்கத்தில் கட்டினால் படிக்கு அடியில் ஆறு குடைந்துவிடும். உட்பக்கத்தில் கட்டினால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணல் மூடும், திருவிழாவுக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்க வேண்டியிருக்கும். ஆறு நேராக ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். படி உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். தலையில் குடத்தோடு ஏறுகிறவர் காலைப் பார்க்க முடியாது. எல்லாப் படியும் ஒரே உயரம் இருந்தால்தான் கால் தானாகப் போகும். அகலம் 40 சென்டிமீட்டர் இருந்தால் முழுப் பாதமும் பதியும். கடைசிப் படி, வறட்சிக் காலத்தில் தண்ணீர் இறங்கும் மட்டத்துக்கும் கீழே போக வேண்டும். அதற்கு மேல் நின்றால் ஆகஸ்டில் சேற்றில் குதிக்க வேண்டிவரும். மேலே டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஈரமான கான்கிரீட்டில் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக விடுவதுதான் பத்திரம். இரண்டு ஓரமும் பாறைக்கல், நடுவே பிடித்துக்கொள்ளச் சங்கிலி.

கோயில் நிலத்தின் தாளையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். கையில் இருப்பது தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ் என்றால் அது ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க மறந்த கோயில்தான் பூங்கா வரைபடத்தில் காணாமல் போகும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் இலாகாவின் நீர்த்தரக் குறியீடு 6 விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறது: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), சி.ஓ.டி. (அதையே ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் மண்துகள், பி.எச். (அமில-காரத் தன்மை). மலக்கிருமி அதில் இல்லை. குறியீடு நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை முங்கி எழ விடாதீர்கள். மலக்கிருமியைக் கண்டுபிடிக்கும் கோலிஃபார்ம் பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள்.

நான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஆறு நாறுகிறது என்றால் எல்லாரும் எங்களைத்தான் கை காட்டுகிறார்கள். ஒட்டுக்கடைகளை எடுத்துவிட்டால் ஆறு சுத்தமாகிவிடுமா?
– உணவுக்கடை உரிமையாளர்

பாதிப் பழி நியாயம், பாதி இல்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய், சோறு, சோப்பு மூன்றும் சேர்ந்து லோங்காங்கில் இறங்கினால் ஆறு கறுக்கத்தான் செய்யும். கழுவிய தண்ணீரில் உள்ள எண்ணெயைப் பிடித்துவைக்கும் கொழுப்புத்தொட்டி வைத்திருந்தும் நாறினால் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விடுங்கள். மேலே வெளிர்மஞ்சளாக உறைந்த கொழுப்பும் அடியில் தங்கிய சேறும் சேர்ந்து தொட்டியின் நான்கில் ஒரு பங்கை எட்டிவிட்டால், அது வெறும் குழாய் மாதிரிதான். வந்தது அப்படியே வெளியே போகும். தட்டைக் கழுவும் முன் மிச்சத்தை வழித்துக் குப்பையில் போடுங்கள். தொட்டி நாற்றத்துக்குப் பயந்து கொதிநீர் ஊற்றினால், கொழுப்பு உருகி அந்தப் பக்கம் போய் லோங்காங்கில் மறுபடி உறையும்.

கடையை எடுப்பதைவிட, கழிவுநீர்க் குழாய் இணைத்த மேடைக்கு மாற்றுவதுதான் சரி. சிங்கப்பூர் ஆற்றை 1977இல் தொடங்கிப் பத்து வருஷம் சுத்தம் செய்தபோது, ஆற்றோர வியாபாரிகளை உணவு நிலையங்களுக்கு மாற்றினார்கள். உலாவ வருகிறவனுக்கு ஒரு தே தாரேக் கிடைக்காத பாதையில் சாயங்காலம் யார் நடப்பார்கள்?

மில் கழிவையும் கவனியுங்கள். சுத்திகரிக்காத செம்பனை மில் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விட 100 என்பதே பொதுவான வரம்பு. பழுப்பு நிறத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள், சுத்திகரித்த நீரும் தேயிலைச் சாயம் போலத்தான் இருக்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நேரம், இடம், படம் மூன்றையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அன்றைக்கே புகார் கொடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவையும் சின்னப் பிள்ளையையும் அழைத்துப் போக முடியுமா? வெள்ளம் வந்து போனால் பாதையின் கதி என்ன?
– பள்ளி ஆசிரியை

முடியும்படி கட்டச் சொல்லுங்கள். சாய்தளம் 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர்தான் ஏறலாம், நடுவில் ஓய்வுக்கு ஒரு சமதளம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலி விலகிப் போக 1.8 மீட்டர் அகலம். சைக்கிளும் வரும் என்றால் 3 மீட்டர். பாதை தண்ணீர்ப் பக்கம் லேசாகச் சாய்ந்தால் மழைநீர் தேங்காது, தேங்காவிட்டால் பாசியும் கொசுவும் குறையும்.

மலைப்பக்கம் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே 'கெப்பாலா ஆயர்' (திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம்) வரும். ஜே.பி.எஸ். இணையத்தளத்தில் ஆற்று மட்டத்தை நான்கு படியாகக் காட்டுகிறார்கள். சாதாரண நிலை தாண்டி 'வஸ்படா' (விழிப்பு நிலை) வந்ததுமே கீழ்ப்பாதையைப் பூட்டிவிட வேண்டும். சாவி யார் கையில் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த அன்றே, வண்டல் காய்வதற்குள், ஆற்று நீரையே பம்பு வைத்து அடித்துக் கழுவ வேண்டும். ஈரமாக இருக்கும்போது இரண்டு பேர் ஒரு காலையில் தள்ளிவிடுவார்கள். இரண்டு நாள் வெயில் பட்டால் செங்கல் மாதிரி இறுகிவிடும், அப்புறம் மண்வெட்டிதான். பம்பும் குழாயும் வாங்கும் செலவை மாவட்ட மன்றம் பூங்காத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.