எண்ணெய் ஊறிய மண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திருவிழாவுக்கு எடுத்த ஜெனரேட்டரிலிருந்து 40 லிட்டர் டீசல் கோயில் பின்புறம் கொட்டிவிட்டது. மண்ணைத் தோண்டி லோரியில் ஏற்றி எங்காவது கொட்டிவிடலாம் என்கிறார்கள். சரிதானா? (கோயில் செயலாளர், செந்தூல்)

வேண்டாம், ஐயா. எண்ணெய் கொட்டிக் கெட்ட மண், மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 408 என்ற வகைக்குள் வருகிறது. கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். முதலில் ஜாபாத்தான் ஆலாம் செகித்தாருக்கு (சுற்றுச்சூழல் துறைக்கு) தகவல் சொல்லுங்கள். அங்கேயே வைத்துச் சுத்தப்படுத்தலாமா என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், மண்ணில் உள்ள கிருமிகளிடமே விட்டுவிடலாம்; டீசல் அதற்கு ஏற்ற எண்ணெய்தான்.

சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன. டீசலைத் தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். நம் ஊர் வெப்பமும் அவற்றுக்குப் பிடிக்கும். குறைவது காற்றும் உரமும்தான். ஒரு கிலோ டீசல் முழுக்கச் சிதைய ஏறத்தாழ மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். இறுகிக் கிடக்கும் மண்ணுக்குள் அவ்வளவு காற்று எப்படிப் போகும்? அதனால்தான் வாரம் ஒருமுறை கிளறச் சொல்கிறோம்.

உரத்துக்குப் பொதுவான கணக்கு: கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 10, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1. 40 லிட்டர் டீசலில் கார்பன் 29 கிலோ அளவில் இருக்கும்; அதற்கு யூரியா 6 கிலோ சொச்சம், கூடவே கொஞ்சம் பாஸ்பேட் உரம். ஒரேயடியாகக் கொட்டினால் உப்பு ஏறி, கிருமிகளே செத்துப்போகும். நான்கைந்து தவணையாகப் போடுங்கள். நம் செம்மண் புளிப்பு மண் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பும் தேவைப்படும். தோண்டிய மண்ணைக் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பின்மேல் குவித்து, மக்கிய இலைதழை கலந்து, ஈரமாக வையுங்கள், சொட்டக் கூடாது. மேலே தார்பாய் கட்டாயம். கோலாலம்பூர் மழை ஒரு சாயங்காலத்தில் உரத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் கால்வாய்க்கு அடித்துப் போய்விடும். அங்கிருந்து அது கிள்ளான் ஆற்றுக்குத்தான் போகிறது. இந்த வேலை நாள்களில் முடியாது, மாதங்கள் ஆகும். வாசனை போய்விட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா? (கல்லூரி மாணவி, செத்தாபாக்)

பெரும்பாலும் தேவையில்லை, அம்மா. வெளியிலிருந்து கொண்டுவரும் கிருமி, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த கிருமிகளோடு போட்டி போட்டு நிலைப்பது கடினம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கச்சா எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் பெரிய அளவில் தூவியது உரத்தைத்தான். அங்கே இருந்த கிருமிகளே அதைக் கொண்டு வேலை செய்தன. விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி ஆய்வகத்தில் எண்ணெய் தின்ன உருவாக்கிய சூடோமோனாஸுக்குக் காப்புரிமை கிடைக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. அது சட்ட வரலாற்றில் பெரிய விஷயம். ஆனால் எண்ணெய் கொட்டிய இடங்களைச் சுத்தப்படுத்தியது அந்தக் கிருமி இல்லை. கிருமியே இல்லாமல் செத்துக் கிடக்கும் மண் என்றால் மட்டும் பவுடரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் ஒரு வாளி மண்ணில் போட்டுப் பாருங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றி அலசினால் போய்விடாதா?

கண்ணுக்குத்தான் போகும். சோப்பு எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துக் கீழே இறக்கிவிடும். பழைய வெள்ளீயச் சுரங்க மணலில் கட்டிய தாமான்களில் (குடியிருப்புகளில்) இது ரொம்ப ஆபத்து. அந்த மணலில் எதுவும் வேகமாக இறங்கும்.

அப்பா காலத்திலிருந்து பட்டறைக்குப் பின்னால் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றிய இடம். இப்போது மண் கறுப்பாகத் தார் மாதிரி இருக்கிறது. இதையும் கிருமிகள் சரிசெய்யுமா? (மெக்கானிக், கெப்போங்)

ஓரளவுக்குத்தான், தம்பி. இன்ஜின் ஆயிலில் உள்ள மூலக்கூறுகள் டீசலில் இருப்பதைவிட நீளம்; கிருமிகள் அவற்றை மெதுவாகத்தான் உடைக்கும். பல வளையங்கள் கொண்ட சேர்மங்கள் இன்னும் பிடிவாதமானவை. அவற்றில் சில புற்றுநோய் வரவைப்பவை. அப்புறம் துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்கள். உலோகத்தை எந்தக் கிருமியாலும் தின்று அழிக்க முடியாது. இத்தனை வருஷம் ஊறிய இடத்தை நீங்களாகத் தோண்டாதீர்கள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிலத்தடி நீரைத் தொட்டதா என்று உரிமம் பெற்ற நிறுவனம்தான் பார்க்க வேண்டும். செலவு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று: இனி ஒரு சொட்டும் அங்கே ஊற்றாதீர்கள். பழைய ஆயில் எஸ்டபிள்யூ 305 வகை. மூடிய டிரம்மில் பிடித்து, பெயர் ஒட்டி, 180 நாளுக்குள் உரிமம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாதிரிப் பட்டறைக்குப் பக்கத்தில் கீரையும் வெண்டையும் போட்டிருக்கிறேன். சாப்பிடலாமா?

மண்ணைச் சோதிக்கும்வரை வேண்டாம், அக்கா. கழுவினாலும் கீரையில் ஒட்டிய மண் முழுக்கப் போகாது, ஈயத்தை வேரும் உறிஞ்சும். அதுவரை தொட்டியில், வெளியிலிருந்து வாங்கிய மண்ணில் போடுங்கள். பிள்ளைகளை அந்த இடத்தில் விளையாட விடாதீர்கள்.