ஆறு மாதத்தில் மூன்று முறை கழன்ற கேப்: திரும்ப ஒட்டலாமா, பல்லைப் பிடுங்கலாமா?

நான்காவது முறையும் அப்படியே ஒட்ட வேண்டாம். அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில் கேப் இத்தனை முறை கழன்றது என்றால், கோளாறு பெரும்பாலும் சிமென்ட்டில் இல்லை, உள்ளே மிச்சமிருக்கும் பல் கட்டையில்தான்.

ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நல்ல பல் இருந்தால்தான் கேப்புக்குப் பிடிப்பு. அது இல்லாவிட்டால் எதைப் போட்டு ஒட்டினாலும் ஒரு முறுக்கு கடித்தால் கையோடு வந்துவிடும்.

கழன்ற கேப்பைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சிமென்ட் மட்டும் இருந்தால் கட்டை குட்டையாக இருக்கலாம். பழுப்பாகப் பல் துணுக்கு ஒட்டியிருந்தாலோ நாற்றம் அடித்தாலோ, உள்ளே சொத்தை புகுந்திருக்கலாம். கேப்பைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

வேர் உறுதியாக இருந்தால் கட்டையை உயர்த்திக் கட்டி, தேவைப்பட்டால் ஈறைக் கொஞ்சம் இறக்கி, புதுக் கேப் போடலாம். நானாக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) எல்லாம் அப்புறம். எலும்போடு அது பிடிக்கவே சில மாதம் ஆகும். பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் செயற்கைப் பல்) என்றால் அந்த நல்ல பற்களைச் சீவ வேண்டும், எனக்கு மனசு வராது.

ஆனால் வேரில் நெடுக்கு விரிசல் இருந்தால் இதெல்லாம் செல்லாது, பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். அந்த இடத்து ஈறில் கொப்புளம் வந்து வந்து போகிறதா? அது விரிசலின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஆடுகிற கேப்போடு தூங்கவும் வேண்டாம்.