சீலியாக் நோயும் நம்பப்படாத களைப்பும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்களுக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பது பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருக்கிறேன். எனக்கும் அதுதான் என்று நான்கு மாதங்களுக்கு முன் உறுதியானது. வயது 34. கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே களைப்பு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இரவெல்லாம் விழித்திருந்தவன் மாதிரி இருக்கும். வயிற்றில் பெரிய தொந்தரவு எதுவும் இருந்ததில்லை. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். தைராய்டு சரி, சர்க்கரை சரி. "மனசுதான் காரணம்" என்றார்கள். வீட்டில் சோம்பேறி என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். கடைசியில் ஒரு புதிய மருத்துவர், "மாத்திரை சாப்பிட்டும் இரும்பு ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டு, ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் செய்யச் சொன்னார்.

தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது. இப்போது கோபம்தான் வருகிறது. இத்தனை வருடம் போய்விட்டதே! கோதுமையை விட்ட பிறகும் களைப்பு முழுதாகப் போகவில்லை. அப்படியானால் நான் உண்மையிலேயே சோம்பேறிதானோ என்று தோன்றுகிறது. வீட்டில் "கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்கிறார்கள். என் தங்கைக்கும் இதே மாதிரி களைப்பு இருக்கிறது. பரிசோதனையெல்லாம் எதற்கு, நானும் கோதுமையை நிறுத்திப் பார்க்கிறேன் என்கிறாள். என்ன சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் சோம்பேறியாக இருந்ததில்லை. நோய் உறுதியான பிறகும் உங்கள் மேல் நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டு எழுதியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உடல் இரும்புச்சத்தைப் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சிக்கொள்கிறது. சீலியாக் நோய் அதிகம் தாக்குவதும் அதே இடத்தைத்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போகும்போது, இந்த நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. கம்பளத்தின் இழைகள் போல அடர்ந்திருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அப்புறம் நீங்கள் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் பரப்பு போதாது. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் போகிற ஆக்சிஜன் குறையும். அந்த நிலையில் படித்தீர்கள், வேலைக்குப் போனீர்கள். மற்றவர்கள் முழு பலத்தோடு செய்ததைப் பாதி பலத்தோடு செய்துகொண்டிருந்தீர்கள்.

காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டும், எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டும். களைப்பைக் காட்ட எதுவும் இல்லை. சொல்கிறவரின் வாயைத்தான் நம்ப வேண்டும். நம்பாதவர்கள் அதை அவருடைய குணம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பல வருடம் அப்படிக் கேட்டால் நாமும் அதையே பிடித்துக்கொள்கிறோம். எனக்கு நோய் தெரிய வந்தபோது என்னைப் பற்றி நான் வைத்திருந்த கருத்து உடனே மாறவில்லை. பயாப்ஸி (குடலிலிருந்து எடுத்த திசுவின் பரிசோதனை) முடிவைக் கையில் வைத்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமோ" என்று யோசித்திருக்கிறேன். உங்களுக்கும் அது மெதுவாகத்தான் போகும்.

கோபம் பற்றி. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உலகில் சுமார் நூறில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வயிற்றுப்போக்கோடு மெலிந்து போகும் குழந்தைகளின் நோயாகவே இது நெடுங்காலம் பார்க்கப்பட்டது. பெரியவர்களிடம் அது வேறு முகத்தோடு வருவது உண்டு: தீராத ரத்தசோகை, களைப்பு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், எலும்புத் தேய்வு, குழந்தைப்பேறில் சிக்கல். வயிறு அமைதியாகவே இருக்கலாம். ஆனாலும் இதைத் தேடுவதற்கான ரத்தப் பரிசோதனை ஒன்றும் புதியதல்ல. இந்த நோயில் உடல் தாக்குவது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியை என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். அந்த நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் தேடுவதுதான் உங்களுக்குச் செய்த டிடிஜி பரிசோதனை. இரும்பு ஏறி ஏறி இறங்குகிற ஒருவரிடம் ஏன் என்று கேட்க ஒரு மருத்துவர் போதும். அந்தக் கேள்வியை இத்தனை பேர் கேட்காமல் விட்டார்கள் என்பது வருத்தம்தான்.

இந்த நோயின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள், அப்படித்தான் காரணம் பிடிபட்டது என்று சொல்வது வழக்கம். ஆனால் டிக்கே 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தவர். ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளைக்குக் குணம் தெரிகிறது என்று ஒரு தாய் சொன்னதை அவர் அலட்சியப்படுத்தவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போய், உணவை மாற்றி மாற்றிக் கொடுத்துக் கவனித்து, 1950இல் ஆய்வேடாக எழுதினார். உங்களிடம் "இரும்பு ஏன் நிற்கவில்லை?" என்று கேட்ட மருத்துவரை அந்த வரிசையில்தான் வைக்கிறேன். அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

களைப்பு இன்னும் போகவில்லை என்கிறீர்கள். நான்கு மாதம் என்பது குறைவு. ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இறங்கவே மாதக்கணக்கில் ஆகும். பெரியவர்களின் குடல் ஆறுவதற்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆவது சாதாரணம். அதற்காகச் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது), பி12, ஃபோலேட், விட்டமின் டி எல்லாம் எந்த அளவில் இருக்கின்றன என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டு நோய் வருவது மற்றவர்களைவிட அதிகம், அதனால் முன்பு சரியாக இருந்தது இப்போதும் சரிதான் என்று விட்டுவிட வேண்டாம். தெரியாமல் குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறதா என்று உணவியல் நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். பார்லி மால்ட், கெட்டியாவதற்காக மாவு சேர்த்த சாஸ், கோதுமை மாவு புரண்ட அதே எண்ணெய், அதே பலகை என்று அது வருகிற வழிகள் பல. களைப்பு மீதமிருந்தால் அதற்கும் உடம்பில் காரணம் தேடுங்கள், குணத்தில் தேடாதீர்கள்.

"கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன?" என்பவர்களிடம் அளவைச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு வெறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தாலே குடல் பாதிக்கப்படலாம் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஒரு ரொட்டித் துண்டில் இரண்டு கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது அந்தத் துண்டை நாற்பது பங்காக்கி அதில் ஒன்று. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளை விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச உணவுத் தரம் சொல்வதும் இதனால்தான். உங்களுக்கு வயிற்றில் தொந்தரவு வராததால் வீட்டில் நம்புவது கடினமாக இருக்கும். என் உடம்பும் உடனே எதையும் காட்டாத வகைதான், அதனால் இந்தச் சங்கடம் எனக்கு நன்றாகத் தெரியும். வாதாடிப் பயனில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பயாப்ஸி முடிவை மருத்துவர் வாயாலேயே விளக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் தங்கை. அவர் கோதுமையை இப்போது நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் இறங்கும், குடல் ஆறத் தொடங்கும், அதன் பிறகு செய்யும் பரிசோதனை நோய் இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடலாம். உறுதி செய்ய வேண்டுமென்றால் மறுபடி வாரக்கணக்கில் குளூட்டன் சாப்பிட வேண்டிவரும். தேறிய உடம்போடு அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. கடைசியில் அவர் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. வீட்டில் "கொஞ்சம் சாப்பிடு" என்று சொல்லும்போது எதைக் காட்டுவார்? நீங்கள் இத்தனை வருடம் நின்ற அதே இடத்தில் அவர் வாழ்நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

உடன்பிறந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. ஆகவே களைப்பே இல்லாவிட்டாலும் அவர் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர்தான். உங்கள் பெற்றோரும்தான். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே போய் டிடிஜி ஐஜிஏ (ஐஜிஏ என்பது ஒருவகை எதிர்ப்பொருள்) பார்க்கட்டும். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக உள்ள சிலருக்கு முதல் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஒருவேளை ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்றால் மரபணுப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதற்குச் சாப்பாடு தடையில்லை. டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை என்று விட்டுவிடலாம். இருந்தால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது, அவற்றைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

முடிவு நெகட்டிவாக வந்தால் வீட்டில் யாராவது "பார்த்தாயா, உனக்கு ஒன்றுமில்லை" என்று ஆரம்பிப்பார்கள். அப்போது நீங்கள் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சீலியாக் இல்லை என்றால் சீலியாக் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், களைப்பு அப்படியே இருக்கிறது, அதற்குக் காரணம் இன்னும் தேட வேண்டியிருக்கிறது. அதை அந்த வீட்டில் உங்களைவிட அழுத்தமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

முடிவு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா