காங்கேசன்துறைக் கடற்படைத் தளபதிதான் முழுக் கடற்படைக்கும் தலைவரா?

இல்லை. இலங்கைக் கடற்படைத் தளபதி இருப்பது கொழும்புத் தலைமையகத்தில். அவருக்குக் கீழே கரையோரம் பல கட்டளைகளாக, அதாவது தனித்தனித் தளபதியின் கீழ் இயங்கும் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எங்கட பக்கம் வடக்குக் கட்டளை. அதன் தலைமையகம் காங்கேசன்துறை 'உத்தர' தளம். காரைநகர் 'எலார' தளமும் இதற்குள் வரும். தரையில் இருக்கும் முகாமையும் கப்பல் என்றே பதிவது பிரித்தானியர் விட்டுப்போன பழக்கம், கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, யாருக்கு என்ன வேலை? கப்பல் வாங்குவது, ஆட்சேர்ப்பு, இடமாற்றம் எல்லாம் கொழும்பு. நெடுந்தீவுக் கடலில் அன்றாட ரோந்தை நடத்துவது வடக்குக் கட்டளை. அமெரிக்காவில் இந்தப் பிரிவு இன்னும் கடுமை: 1958 பாதுகாப்புத் துறை மறுசீரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு கடற்படைத் தலைமை அதிகாரி படையைத் தயார்படுத்துவார், அவ்வளவுதான். போர் நடவடிக்கைக்குக் கட்டளையிடுவது முப்படைக்கும் பொதுவான கட்டளைத் தளபதிகள்.